நான் வெளியேறாத வீடு

நான் வீட்டை விட்டுப் போய்விட்டேன் என்ற செய்தி எனக்கு அம்மா மூலமாகத்தான் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலடிப்பேட்டையில், என் கணவர் வீட்டின் சமையலறையில், இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடங்களாக நான் புழங்கும் சமையலறை அது. அம்மா ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். எப்போது வந்தாலும் ஒரு பையில் சங்கராவோ நெத்திலியோ இருக்கும். அன்று பையிலிருந்து மீனுக்கு முன்னால் ஒரு நீளமான உறை வெளியே வந்தது.

"இன்னாடி இது, உன் பேரைப் போட்டுகினு என் வூட்டுக்கு வந்துகீது? தபால்காரன் கையெழுத்துக் கேட்டான். போட்டு வாங்கிகினேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். வக்கீல் நோட்டீஸ். என் கணவர் விவாகரத்து கேட்டிருந்தார். அதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. இரண்டு மாதம் முன்பே, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள், அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பையோடு கிளம்பிப் போயிருந்தார். அதற்கு முந்தின சில வருடங்களில் எங்களுக்குள் என்ன நடந்தது, எதெல்லாம் நடக்காமல் போனது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னை உட்கார வைத்தது நோட்டீஸின் மூன்றாவது பத்திதான். நான் ஜனவரி மாதமே என் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டை விட்டு வெளியேறி, ராயபுரத்தில் தாயாருடன் வசித்து வருகிறேனாம்.

அது மார்ச் மாதம். நான் அந்த வீட்டில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். குக்கரில் என் வீட்டுப் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

"நீ இங்கதானே கீற?" என்றாள் அம்மா. சந்தேகத்தோடு கேட்டமாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. எதிர் வீட்டு அக்கா, பதினைந்து வருடமாகத் தினமும் பார்ப்பவர், ஒரு நாள் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "எப்பம்மா வந்தே?" என்றார். வெளியூரிலிருந்து வந்தவளைக் கேட்கிற குரல். தண்ணீர் கேன் போடுகிறவர் இரண்டு வாரமாக வரவில்லை. போன் செய்தால், "உங்க வூட்டுக்காரர்தான் சொன்னாரு, அங்க யாரும் இல்ல, கேன் போடாதன்னு" என்றார். கேஸ் புக் செய்தபோது, நம்பர் மாற்றப்பட்டுவிட்டது என்று பதிவு செய்யப்பட்ட பெண் குரல் சொன்னது. நான் தெருவில் நடக்கிறேன், கடையில் கொத்தமல்லி வாங்குகிறேன், மெட்ரோ ஏறி வேலைக்குப் போய் வருகிறேன். ஆனால் நான் போய்விட்டதாக என்னைச் சுற்றி எல்லோருக்கும் சொல்லப்பட்டு, அவர்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டு புரோக்கர் வந்தார். மணி அடிக்கவில்லை. சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் ஒரு நடுவயதுத் தம்பதி. நான் அடுப்பருகில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஹாலைப் பார்த்தார்கள், படுக்கையறையைப் பார்த்தார்கள், பிறகு சமையலறைக்குள் வந்தார்கள். புரோக்கர் என்னைப் பார்க்கவே இல்லை. "கிச்சன் எட்டுக்குப் பத்து" என்றார். அந்த ஆள் நம்பாமல் டேப்பை எடுத்து, ஒரு முனையை மனைவியிடம் கொடுத்துத் தரையில் வைத்து இழுத்தார். டேப் என் கால்விரல்களின் மேல் ஏறி, அந்தப் பக்கம் போயிற்று. தகரத்தின் சில்லிப்பு தெரிந்தது. நான் காலை எடுக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இன்று நினைத்தால் கோபம் வருகிறது. அன்று வந்தது பயம். பேசினால், ஒருவேளை அவர்களுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பெண் மட்டும் வெளியே போகும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, திருவொற்றியூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்குப் போனேன். எனக்குக் கிடைத்த வக்கீல் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டீஸைப் படித்தார்.

"வீடு யார் பேர்லம்மா?"

"அவர் பேர்லதான் மேடம். மாமனார் கட்டினது. மாடி ரூம் மட்டும் நாங்க எடுத்தது. என் நகை அதுல போயிருக்கு. ஆனா பத்திரத்துல என் பேர் எங்கயும் இல்ல."

"பேர் இல்லைன்னா உரிமை இல்லைன்னு யார் சொன்னா? வீடு யாருக்குச் சொந்தம்ங்கிறது ஒரு கேள்வி. அதுல குடியிருக்கிற உரிமை யாருக்குங்கிறது இன்னொரு கேள்வி. கல்யாணமாகி வந்து வாழ்ந்த வீட்ல இருந்து பொண்டாட்டிய அவர் இஷ்டத்துக்கு வெளிய அனுப்ப முடியாது. அதுக்காக வீடு உன்னோடது ஆயிடாது, அதையும் தெரிஞ்சுக்கோ. இப்போ நமக்கு வேண்டியது, உன்னை வெளியேத்தக் கூடாது, வழக்கு முடியறவரைக்கும் வீட்டை விக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு."

ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும், இதற்குள் வீட்டை யாருக்காவது எழுதி வைத்துவிட்டாரா என்று தெரிந்துவிடும். ஆதார், பழைய கேஸ் ரசீது, வெளியூரில் படிக்கும் என் மகளின் பள்ளிச் சான்றிதழ், அந்த முகவரிக்கு என் பெயரில் வந்த எதுவாக இருந்தாலும் நகல் எடுத்து அம்மா வீட்டில் ஒரு கட்டு வைக்க வேண்டும். பேனாவை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"எல்லாத்தையும் விட முக்கியம், நீ அந்த வீட்டை விட்டுப் போகாதே. கோபத்துல ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போனாலும், போயிட்டான்னு எழுதிடுவாங்க. பூட்டையும் மாத்தாதே, அவரை நீ வெளிய தள்ளினேன்னு திருப்பிடுவாங்க. உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"வேலைக்குப் போறப்ப?"

அவர் எழுதிய தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

ராயபுரத்தில் படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வீடு. அந்தப் பத்து மணி நேரத்தில்தான் வீடு கொஞ்சம் கொஞ்சமாக என்னைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படம் போயிற்று. சுவரில் வெளிறாத ஒரு சதுரம் மட்டும் நின்றது. அடுத்த வாரம் தையல் மிஷின். பிறகு பீரோவில் என் பட்டுப் புடவைகள், மகளின் பழைய பாடப் புத்தகங்கள், என் பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம். பூட்டு உடையவில்லை. தரையில் ஒரு காலடி மண் இல்லை. யாரோ பெருக்கிவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஒரு நாள் என் தலையணை இல்லை. அன்றுதான் அழுதேன்.

என் கணவருக்குப் போன் செய்து கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? நான் எண்ணூர்ல கீறேன்" என்றார்.

வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தது. வீட்டை இன்னும் யாருக்கும் எழுதவில்லை. வக்கீல் மேடம் மனு தாக்கல் செய்தார். விசாரணை தேதி வரும்வரை நான் கடை முதலாளியிடம் லீவு கேட்டேன். தூத்துக்குடிக்காரர், அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். "வீட்ட பாத்துக்கோம்மா, கடை எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த வீட்டின் பகல் பொழுதுகளை முழுசாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கீழே ஹால், ஓர் அறை, சமையலறை. மேலே ஒரே ஒரு அறை, கூடவே ஒரு சின்ன பாத்ரூம். அதற்கு உள்ளிருந்து வழி கிடையாது. பக்கச் சந்திலிருந்து இரும்புப் படி ஏறும். சந்தின் மறுபக்கம் மூடிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சுவர். அங்கே யார் வந்து போனாலும் தெருவுக்குத் தெரியாது. மகள் வேலூரில் நர்சிங் படிக்கப் போன பிறகு மாடி அறை சும்மா கிடந்தது. கிளம்பும்போது அவர் அதைப் பூட்டி, ஆபீஸ் ஃபைல் இருக்கிறது, திறக்காதே என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் பதினொரு மணிக்கு மேலே ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. காலையில்தான் மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து நிறுத்தியிருந்தேன். நான் ஒருத்தி, மதியத்துக்குள் ஒரு தொட்டி தண்ணீரை என்ன செய்திருப்பேன்? மூன்றாம் நாள் குக்கர் விசில் அடித்து அடங்கியதும், தலைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மின்விசிறி மட்டும் சுற்றியது. சமையலறை வாசலிலிருந்து கூடத்தைப் பார்த்தேன். சாமான்கள் போன இடமெல்லாம் வெற்றாக, எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பயம் தாங்காமல் அவருக்கே போன் செய்தேன். வேறு யாரிடம் சொல்வது? மாடி ரூமில் ஏதோ சத்தம் வருகிறது என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தனியா கெடந்தா அப்டித்தான் கேக்கும். உங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வா" என்றார். தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

அப்போது தெருவில் பழைய சாமான் வாங்கும் வண்டி போயிற்று. ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல், "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய பேப்பர்" என்று கத்திக்கொண்டே. ஜன்னல் வழியாக அது என் இடது காதில் கேட்டது. அதே வரி, அரை நொடி தாமதமாக, போன் வழியாக என் வலது காதிலும் கேட்டது.

போனை வைத்துவிட்டேன். எண்ணூரிலும் இந்த வண்டி ஓடும், எல்லா வண்டியிலும் ஒரே குரல்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு ஹாலில் சுவரோரமாக உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாடை வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாற்றம் புதிதில்லை. காற்று திரும்பினால் ஒரு நாள் கருவாடு, ஒரு நாள் தார், ஒரு நாள் கெட்டுப்போன முட்டை. இது வேறு. காலை பத்து மணிக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினதுபோல் எரிந்தது. எங்கிருந்து கசிந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. தெருவில் குழந்தைகள் இருமிக்கொண்டே ஓடினார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எதிர் வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "ஏம்மா, உள்ளே கீறியா? வா வெளிய, மூச்சு முட்டுது!"

"நீங்க போங்கக்கா, வரேன்."

நான் போகவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். வெளியே போனால், திரும்பி வரும்போது வேறு பூட்டு தொங்கும் என்று உறுதியாகத் தோன்றியது. இந்த வாடைகூட என்னைக் கிளப்பத்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிற அளவுக்கு நான் போயிருந்தேன். துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டேன். தெரு காலியாயிற்று. ஆட்டோ சத்தமும் அடங்கியது. காலடிப்பேட்டையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அந்த அமைதியில் மேலே யாரோ இருமினார்கள்.

ஒரு முறை. அடக்கிக்கொண்டு இன்னொரு முறை. பிறகு அடக்க முடியாமல் தொடர்ந்து. பத்தொன்பது வருடம் பக்கத்தில் கேட்ட இருமல் அது. பயமெல்லாம் ஒரே நொடியில் விட்டுப் போய், உடம்பு முழுக்கக் கோபம் ஏறியது. கதவைத் திறந்தேன், சந்தில் நுழைந்தேன், இரும்புப் படிகளில் ஏறிக் கதவை உள்ளங்கையால் அடித்தேன்.

"திற! எனக்குத் தெரியும், நீதான்!"

திறந்தது. லுங்கியும் பனியனுமாக நின்றார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. வாயில் ஈரத்துண்டு. அவருக்குப் பின்னால் பாயும், அதன் தலைமாட்டில் என் தலையணையும். சுவரோரம் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள், ஒழுங்காக டேப் ஒட்டி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் என் அம்மா வீட்டு முகவரி.

"இன்னா பண்ணிகினு கீற இங்க?" என்றேன். என் வாயில் அந்த வீட்டுக்குள் நான் அதிகம் பேசாத ராயபுரப் பேச்சு வந்துவிட்டது.

"இது என் வூடு."

"எண்ணூர்ல கீறேன்னே?"

"வேலை அங்க. தூங்கறது இங்க." இருமினார். "வூட்டை விட்டு ஒரேயடியா காலை எடுத்துட்டா, அவ உள்ள பூட்டிகினு உக்காந்துக்குவா, கேசு முடியிறவரிக்கும் நீ ரோட்லதான்னு வக்கீல் சொன்னாரு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து தினமும் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு வந்திருக்கிறார். பகலெல்லாம் இருந்துவிட்டு, நான் வருவதற்குள் போயிருக்கிறார். நான் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும், லீவு போட்ட பிறகும் சந்து வழியாகவே வந்து, சத்தமில்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறார். நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருவருக்கொருவர் பேயாக, மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

"செத்துப் போய்டுவ, இறங்கு" என்றேன்.

"நீ மொதல்ல போ."

"நான் போவ மாட்டேன்."

"அப்ப நானும் போவல."

கண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது இருவருக்கும். அது வாடையினால்தான். ஒரு கட்டத்தில் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் மேல் கதவைப் பூட்டினார். கீழே இறங்கி நான் வாசல் கதவைப் பூட்டினேன். யார் முதலில் தெருவில் கால் வைப்பது என்று வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்றோம். கடைசியில் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டு அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துச் சந்தோஷமாக இரண்டு கப் டீ கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் வாங்கிக் குடித்தோம். மூன்று மணிக்கு மேல் வீடு திரும்பலாம் என்றார்கள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடினோம்.

வக்கீல் மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நடந்ததையெல்லாம் மனுவில் சேர்த்தார். கோர்ட் அனுப்பிய பாதுகாப்பு அலுவலர் வந்து வீட்டைப் பார்த்து, பெட்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். அதற்குப் பதிலளித்து என் கணவர் தரப்பில், அவர் ஒரு நாளும் வீட்டை விட்டுப் போகவில்லை, தொடர்ந்து மாடியில்தான் வசிக்கிறார் என்று எழுதி, சாட்சிக்குப் புகைப்படங்களை வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து தன் செல்போனில் அவரே எடுத்தவை. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது.

மேடம் அவற்றை மேசையில் பரப்பினார். மாடி ஜன்னல் கம்பி, கிடங்குச் சுவர், வாசல் என்று காட்டத்தான் எடுத்திருந்தார். ஆனால் பாதிப் படங்களில் நான் இருந்தேன். துணி காயப்போடுகிற நான். குப்பை கொட்டிவிட்டு வருகிற நான். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசல் முற்றத்தில் முடி உலர்த்துகிற நான். மேலேயிருந்து, உச்சந்தலை தெரிய. ஒரு படத்தில் நான் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. இன்றுவரை இல்லை. அந்தப் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தேன்.

மேடம் சிரித்தார். "பயப்படாதேம்மா. இதுல தேதியப் பாரு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நோட்டீஸ்ல நீ ஜனவரியிலயே போயிட்டே."

மாஜிஸ்திரேட் நோட்டீஸை ஒரு கையிலும் படங்களை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீலிடம், "இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று மட்டும் கேட்டார். அந்த வக்கீல் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவதாங்க" என்றார்.

இடைக்கால உத்தரவு அன்றே வந்தது. என்னை வெளியேற்றக் கூடாது, வீட்டை விற்கவோ வேறு யாருக்கும் எழுதி வைக்கவோ கூடாது, எடுத்த சாமான்களைத் திருப்பி வைக்க வேண்டும், கீழ்த்தளத்துக்குள் அவர் வரக் கூடாது. மாடி அறையை மட்டும் வெளிப்படி வழியாக அவர் பயன்படுத்தலாம். அதனால் அடுத்த எட்டு மாதம் அந்தக் காலடிச் சத்தம் சட்டப்படி என் தலைக்கு மேல் நடந்தது. யார் என்று தெரிந்த பிறகும் அது பழகவில்லை. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் கரண்டியைச் சத்தமில்லாமல் வைப்பேன்.

சமரச மையத்தில் ஐந்தாவது முறை உட்கார்ந்தபோது அவருக்கே அலுத்துவிட்டது. "எனக்கும் தூக்கமே வர்ல, கீழ நீ கீறன்னு நெனச்சா" என்றார். அவர் என்னிடம் உண்மையாகச் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. இருவரும் சம்மதித்து விவாகரத்து. வீடு மகள் பெயருக்கு, நான் இருக்கும்வரை குடியிருக்கும் உரிமை எனக்கு என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பைகளோடு இறங்கி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தெரு முனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போவது நிஜமாகவே போவதுதானா என்று தெரிய வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு மகள் வந்தாள். நான்கு நாள் தங்கினாள். மூன்றாம் நாள் மதியம் ஹாலில் படித்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, "அம்மா! எப்போ வந்து நின்னே?" என்றாள்.

"இப்பத்தான், சமையல்ரூம்லேர்ந்து."

"சத்தமே இல்லாம நடக்குறியேம்மா. வந்ததுலேர்ந்து பாக்குறேன். திடீர் திடீர்னு பக்கத்துல நிக்கிற. பயமா இருக்கு."

எனக்கு அது தெரியவே இல்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் போய், கட்டைக் குதிகால் வைத்த வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். தரையில் டக் டக் என்று கேட்கிற செருப்பு. வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். ஆனாலும் எப்போதாவது குனிந்து பார்த்தால், நுனிவிரல்களில்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.